மாமன் கொண்டுவந்த கோடி

தம்பியின் கருமாதி அன்று காலையிலிருந்து அம்மா உட்காரவே இல்லை. வாசல் போர்ச்சைக் கழுவினாள். காக்காய் எச்சம் போட்டுவிட்டது என்று மறுபடியும் கழுவினாள். கூடாரக்காரர்கள் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலிகளை இந்தப் பக்கம் இழுத்தாள், சரியில்லை என்று பழைய இடத்துக்கே தள்ளினாள். கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"கொஞ்சம் உக்காரும்மா" என்றேன்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்டி ஷாமி. விடு."

என் தம்பி ஜீவன் கிள்ளானில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தவன். ஃபேக்டரியில் செக்யூரிட்டி வேலை என்று வெளிநாட்டுக்குப் போனான். அங்கே இறங்கியதும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நமக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு நாட்டுச் சண்டையில் செத்துப்போனான். அந்த நாட்டின் பெயரை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. 'அங்க' என்போம், அவ்வளவுதான். உடலை எடுக்க முடியாத இடம் என்று தூதரகத்திலிருந்து பேசியவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. உடல் இல்லாத வீட்டில் சேதி வந்த நாள்தான் சாவு நாள் என்று கணக்கு வைத்து, சடங்கு செய்கிற பண்டாரம் இன்றைக்குக் கருமாதி குறித்துக் கொடுத்திருந்தார்.

அவனை அனுப்பி வைத்தது கமலநாதன் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. பிரிக்பீல்ட்ஸில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். "ரெண்டு பேரும் சேந்து போங்கடா, ஒருத்தனுக்கு ஒருத்தன் தொணை" என்று சொந்த மகன் குருவையும் என் தம்பியையும் ஒரே பிளேனில் ஏற்றிவிட்டார். தன் பிள்ளையையும்தானே அனுப்பினார், தெரிந்தா செய்தார் என்று சொந்தக்காரர்கள் அவருக்காக வாதாடுவார்கள். தெரியாமல்தான் செய்தார். அது எனக்கும் தெரியும். ஆனால் என்ன ஏது என்று கேட்காமலே, ஒப்பந்தத்தில் ஏஜெண்ட் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரவாங்கில் ஒருத்தன் "இங்க சைன் பண்ணுங்க பாஸ்" என்றானாம், இவரும் பண்ணிவிட்டாராம். பாஸ் என்று கூப்பிட்டால் போதும், எங்கள் மாமா எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். ரவாங்காரன் இப்போது போன இடம் தெரியவில்லை.

குரு உயிரோடு இருக்கிறான். ஜீவன் செத்த அதே வெடியில் அவனுக்குத் தொடையில் காயம். அங்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கால் ஆறிவிட்டால் திரும்பவும் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் அவனை வெளியே எடுக்க வேண்டும். நான் வெளியுறவு அமைச்சுக்கு எத்தனையோ தடவை போன் செய்து, கடைசியில் பொறுமையான ஒரு பெண் அதிகாரியைப் பிடித்தேன். குருவின் பெற்றோர் போலீஸில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், யார் மூலமாகப் போனான் என்று அதில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள் என்று காட்டினால்தான் எங்களால் அந்த நாட்டிடம் பேச முடியும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். "அவங்க அப்பாவ சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றும் சொன்னார்.

அவங்க அப்பா போகவில்லை. ஏஜெண்ட் என்று கையெழுத்துப் போட்டவன் போலீஸ் முன்னால் போய் நின்றால் ஆள்கடத்தல் கேஸில் தன்னையே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயம். பெற்ற பிள்ளை அங்கே கட்டுப் போட்ட காலோடு கிடக்கிறான், இவர் இங்கே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் மாமாவின் பிளாட்டுக்குப் போய் கிரில் கதவைத் தட்டுவேன். உள்ளே டிவி சத்தம் கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். ஒரு நாள் இராஜம்மா மாமி கிரில்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். குருவின் அம்மா. ஆள் பாதியாகியிருந்தார்.

"உங்கள யாரு மாமி தடுக்கிறா? நீங்க போய் எழுதிக் குடுங்க."

"ஏஜெண்ட் யாருன்னு கேப்பாங்கல்ல ஷாமி. என் வாயால புருஷன் பேரச் சொல்லவா? தாளையும் அவரு எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காரு." மாமி கிரில்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்கம்மா சொன்னா கேப்பாரு. ஒங்கம்மாதான் போனே எடுக்க மாட்டேங்குது."

அம்மா எப்படி எடுப்பாள். சேதி வந்த அன்று ஓடி வந்த மாமாவைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் அவள். அதற்கப்புறம் அவர் பேரைக்கூட எடுக்கவில்லை. நானும் மாமாவைப் பற்றிப் பேசவில்லை, குருவைப் பற்றியும் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், பறித்தவரின் பிள்ளையைக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் இன்றைக்கு மாமா வந்தே ஆக வேண்டும். எங்கள் வழக்கத்தில் கருமாதி முடியும்போது பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். அம்மாவுக்குப் புதுச் சேலை, அப்பாவுக்குப் புது வேட்டி. தாய்மாமன் தட்டில் வைத்துக் கொடுக்க, அதை உடுத்திய பிறகுதான் தீட்டுக் கழியும், வீட்டில் விளக்கேற்றலாம், கோயிலுக்குப் போகலாம். கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பசியாறிக்கொண்டே இதைத்தான் குசுகுசுவென்று பேசினார்கள். மலர், அதாவது என் அம்மா, தம்பி கையால கோடி வாங்குமா, வாங்காதா. நாற்காலிக்கு நாற்காலி இதே பேச்சு.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மறைப்பானேன். அந்தத் தட்டை அம்மா மாமாவின் முகத்திலேயே விட்டெறிய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஊர் பார்க்க விட்டெறிய வேண்டும். அப்பாவுக்கு என் முகம் புரிந்துவிட்டது. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். விரலில் தர்ப்பையோடு என் பக்கத்தில் வந்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் பேசாத. ஒங்கம்மா பாத்துக்கும்."

"அம்மா என்னா பாக்கும்? நாற்காலிய நகத்திக்கிட்டு இருக்கு."

"விடும்மா" என்றார் அப்பா.

பண்டாரம் படத்துக்கு முன்னால் இலை போட்டார். படத்தில் ஜீவன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த சட்டையில் முறைத்துக்கொண்டு இருந்தான். அம்மாவின் போன் என் கையில் இருந்தது. துக்கம் கேட்கிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குருவின் குரல்பதிவு வந்தது. என் அம்மாவுக்கு அவன் அனுப்பியிருந்தான். சமையல்கட்டுக்குள் போய், அம்மாவைக் கூப்பிட்டு, போட்டுக் காட்டினேன்.

"அத்த, குருதான். டாக்டரு இன்னிக்குக் கட்டப் பிரிச்சிட்டாரு. நடக்கச் சொன்னாரு, நடந்துட்டேன். யோசிக்கவே இல்ல அத்த, நல்லாயிருச்சேன்னு சந்தோசமா நடந்துட்டேன். ஒடனே என்னமோ எழுதிக்கிட்டுப் போனாங்க. இந்த வாரத்துலயே திருப்பி அனுப்பிருவாங்கன்னு பக்கத்து பெட்டுல இருக்கறவன் சொல்றான். அப்பாகிட்ட கேட்டா பாக்குறேன் பாக்குறேன்னு சொல்றாரு. அவரு பயப்படுறாரு அத்த. நீங்க சொன்னா கேப்பாரு. எனக்கு வேற யாரக் கேக்கறதுன்னு தெரியல." பிறகு குரலைத் தணித்தான். "இன்னிக்கு ஜீவனுக்குச் செய்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. மைலோ ஐஸ் வைங்க அத்த. அங்க அதப்பத்தியேதான் பேசிக்கிட்டு இருப்பான்."

அம்மா முறுக்கு டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறாள். "இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டேன். "நடந்துட்டேன்னா சொல்றான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போலீஸ் ரிப்போர்ட், அமைச்சு, மாமா ஒளித்து வைத்த தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"இத்தன நாளா என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது."

"எனக்குப் புள்ளதான செத்துச்சு. காது செவிடா போச்சா?"

எழுந்தாள். ஒரு பெரிய கிளாஸில் மைலோ கலக்கி, ஐஸ் போட்டு, தானே கொண்டுபோய் இலையில் வைத்தாள். பண்டாரம் ஒரு மாதிரி பார்த்தார்.

அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்த நேரத்துக்கு மஞ்சள் வேன் வந்து நின்றது. மாமா இறங்கினார். வெள்ளை வேட்டி, மழிக்காத முகம், இரண்டு கையிலும் தட்டு. தட்டில் சேலை, வேட்டி, பூ. பின்னால் மாமி. கேட்டைத் தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருவரும் வெயிலில் நின்றார்கள். கூடாரத்தில் யாரோ வாயில் வைத்த வடையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமன் வந்தாச்சு. வாங்க, கோடியக் குடுங்க" என்றார் பண்டாரம். அவருக்கு இன்னொரு வீட்டிலும் வேலை இருந்தது.

மாமா உள்ளே வந்து தட்டை நீட்டினார். தட்டு சாய்ந்து பூ உருண்டது. "வாங்கிக்க அக்கா" என்றார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. பண்டாரத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, தாய்மாமன் இல்லாத வீட்டுல கோடி யாரு போடுவா?"

கூடாரத்தில் ஒரு சலசலப்பு. தம்பி எதிரிலேயே நிற்கும்போது இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம்? எனக்குத் திருப்தியாக இருந்தது. விட்டெறிவதைவிட இது நல்ல அடி என்று நினைத்தேன்.

பண்டாரம் தயங்கினார். "மாமன் மகன் போடலாம்மா. ஆனா இங்கதான் மாமனே..."

"அப்ப குரு வந்து போடட்டும்."

"குரு எப்பம்மா வருவான்? அது வரைக்கும் தீட்டோட எப்படி இருப்பீங்க? விளக்கேத்த முடியாது, நல்லது கெட்டதுக்குப் போக முடியாது."

"போகல. இருட்டுல இருக்கேன். அவன் வந்து என் கையில குடுத்தாத்தான் என் புள்ள காரியம் முடியும்." இதைச் சொல்லிவிட்டுத்தான் அம்மா மாமாவை நேராகப் பார்த்தாள். "நாதா, தாளெல்லாம் எங்க?"

மாமா வேனைத் திரும்பிப் பார்த்தார். "வேன்ல. சீட்டுக்கு அடியில."

"சாவிய எடு. போலீஸ் பாலாய்க்குப் போலாம்."

"அக்கா, என்னைய உள்ள போட்டுருவாங்க அக்கா."

"போடட்டும். ஜெயிலுக்கு நான் சோறு கொண்டாறேன். அங்க என்னால கொண்டு போக முடியாது."

மாமா அப்படியே குந்தி உட்கார்ந்து, தட்டைத் தரையில் வைத்து, முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எதிர்பார்த்தது எதுவும் இதில் இல்லை. அம்மா அவரைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மாமிதான் முதலில் நகர்ந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், விறுவிறுவென்று போய் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அம்மா முன் சீட்டில், நானும் மாமியும் பின்னால். அப்பா வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வீட்டிலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கள் ஜன்னல் முழுக்க இருந்தன. மாமா மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். சிவப்பு விழுமா என்று ஒவ்வொரு டிராபிக் லைட்டையும் ஏக்கத்தோடு பார்த்தார்.

"பச்சை விழுந்திருச்சு நாதா."

"ம்."

பாலாய்க்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனார். அம்மா கொஞ்ச தூரம் விட்டாள்.

"தாண்டிட்ட. யு-டர்ன் எடு."

எடுத்தார். இறங்கி ஓடிப்போய் நானே எழுதிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. குருவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள், அவன் நடந்துவிட்டான், இங்கே இந்த மனிதர் லைட்டு லைட்டாக நின்றுகொண்டிருக்கிறார். மாமி மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சேலை சரியாமல் கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

கவுண்டரில் இளம் வயது மலாய்க்காரக் காப்பரல் இருந்தார். நெற்றியில் விபூதி, விரித்த தலைமுடி, கசங்கிய சேலை என்று நின்ற அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. மாமா மலாயில் சொல்லச் சொல்ல, காப்பரல் கம்ப்யூட்டரில் தட்டினார். மகன் பெயர், வயது, அடையாள அட்டை நம்பர், எந்த மாதம் போனான், என்ன வேலை என்று சொன்னார். அதற்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கானில் கார் பட்டறையில் இருந்தவன் என்று மாமா இரண்டு தடவை சொன்னார். பிறகு காப்பரல் கேட்டார்: "சியாபா எஜென்?"

ஏஜெண்ட் யார். ரவாங்காரன் பேரைச் சொல்லித் தப்பிவிடுவார் என்று நினைத்தேன். சொல்ல நினைத்தார் போலவும் இருந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவருக்கு உதவவில்லை.

"சாயா" என்றார் மாமா. நான்தான்.

காப்பரல் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மகனுடைய அப்பா நீங்கள், ஏஜெண்ட்டும் நீங்களா என்று திரும்பவும் கேட்டார். மாமா தலையாட்டினார். ஒப்பந்தத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்து, தன் கையெழுத்தைத் தானே விரலால் தொட்டுக் காட்டினார். ரவாங் ஆளின் பெயரையும் போன் நம்பரையும் அதற்கப்புறம்தான் சொன்னார்.

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்கத்தான் திரும்பத் திரும்பக் கிரில்லைத் தட்டினேன். கேட்டாயிற்று. என் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன், ஆறவில்லை. அவர் காதோரத்து நரைமுடியைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்படுகிறோமே என்று என் மேலேயே கோபம் வந்தது. ஜீவன் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து மாமாவை உள் அறைக்குக் கூட்டிப் போனார். மாமி எழுந்து கூடவே போகப் பார்த்தார், இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டையும் ஒப்பந்தத்தையும் போட்டோ எடுத்து அமைச்சு அதிகாரிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. கிடைத்தது, இன்றே தூதரகத்துக்குப் போய்விடும், ஆனால் எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது, வாக்குக் கொடுக்க முடியாது. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இந்த வாரத்துக்குள்ள முடியுமா?"

"தெரியலம்மா."

"அவங்க இந்த வாரம் அனுப்பிருவாங்களே."

"தெரியலம்மா. என்னை என்னா பண்ணச் சொல்ற?" என் குரல் உயர்ந்துவிட்டது. காப்பரல் நிமிர்ந்து பார்த்தார்.

அம்மா பாலாய் வராந்தாவுக்குப் போனாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு கையை நீட்டினாள். "போனக் குடு. பேசி அனுப்பறது எப்படின்னு காட்டு."

பொத்தானைக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, போனை வாய்க்கு வெகு பக்கத்தில் கொண்டுபோனாள்.

"குரு, அத்தைய்யா. ஒங்கப்பன் எழுதிக் குடுத்துட்டான். பேப்பரு போயிருச்சு. நீ இப்ப நான் சொல்றதக் கேளு. இனிமே நடக்காத. யாரு சொன்னாலும் நடக்காத. டாக்டரு வந்தா வலிக்குதுன்னு சொல்லு. கத்து. எந்திரிக்கச் சொன்னா கீழ விழுந்துரு. வெக்கப்படாத. நொண்டுய்யா. நம்ம ஆளுங்க வந்து கூப்புடற வரைக்கும் நொண்டிக்கிட்டே இரு."

மூச்சு வாங்கினாள். முடித்துவிட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். விரலை எடுக்கவில்லை.

"ஜீவன் போன் பண்ணி பயமா இருக்கும்மான்னான். நான் தைரியமா இருடான்னு சொல்லிட்டேன்." அம்மா போனை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ தைரியமா இருக்காதய்யா."

பிறகுதான் விரலை எடுத்தாள்.